படிப்புக்கு என்று வாங்கிய கையெழுத்து

படிப்பு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, ஏழுமலையின் நிலத்தை நீ பிடுங்கிக்கொண்டாய். எனக்கு இதில் சந்தேகம் இல்லை, உனக்கும் இருக்க முடியாது. பட்டா என் பெயரில் இருந்தது, அதனால் அது ஏழுமலையின் நிலம் இல்லை என்று நீ உடனே என்னைத் திருத்துவாய். திருத்திக்கொள். ஆனால் உழுகிறவனுக்கு நிலத்தில் உரிமை உண்டு, அதைக் காகிதத்தில் ஏற்றாமல் வைத்திருப்பதுதான் உரிமையாளர்களின் சூழ்ச்சி என்று கனமான ஒரு புத்தகம் எழுதி முதுகலைப் பட்டம் வாங்கியவன் நீ. நான் வாங்கவில்லை.

பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. வழவழப்பான அட்டை, தங்க நிற எழுத்து, பெற்றோர் இருவருக்கு மட்டும் இருக்கை. சென்னையில் ரூம் போட்டிருப்பதாகப் பின்பக்கத்தில் உன் கையால் எழுதியிருந்தாய். நான் வரப்போவதில்லை. உன் அப்பா வருவார் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிவந்து நாற்காலியில் மாட்டி வைத்தார். மூன்றாம் நாள் அதை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். இதற்கு முன் உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஃபோன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய். ஏழைகளைப் பற்றி இத்தனை மீட்டிங் நடந்தும் இந்த ஊரில் ஒரு ஏழை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. பாசத்தால் இல்லை. உன் பெயரைப் போட்டால் உன்னைப் போன்ற மற்றவர்கள், இது யாரோ ஒருவனுடைய கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஏழுமலையின் பெயரை அவரைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். "போடுங்க டீச்சர், அந்தப் பத்திரத்துலதான் ஏற்கெனவே இருக்குதே" என்றார்.

உன் ஆராய்ச்சியில் இல்லாததை முதலில் சொல்கிறேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற மேல் கொல்லையும் கீழ்க் கொல்லையும் கல்யாணத்தின்போது எனக்கு என் வீட்டில் எழுதிக் கொடுத்தவை. கிணறு கீழ்க் கொல்லையில் இருக்கிறது. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம் எனக்கு இங்கே பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது, அப்பாவுக்குப் புதிய கலெக்டர் ஆபீசில் எழுத்தர் வேலை. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும். காலனியிலிருந்து ஏழுமலையும் அவர் மனைவி பச்சையம்மாளும் வந்தார்கள். வாரத்துக்கு விட்டோம். விதை, எரு, உழைப்பு எல்லாம் அவர்களுடையது, விளைந்ததில் பாதி நம்முடையது. அதிலும் எங்கள் பக்கத்து நிலக்காரர்கள் எல்லாரும் செய்கிற ஒரு வேலையை நான் செய்தேன். ஒரு வருடம் மேல் கொல்லையை வாரத்துக்கும் கீழ்க் கொல்லையைக் கூலிக்கும் விடுவேன். அடுத்த வருடம் மாற்றிவிடுவேன். இரண்டிலும் உழுகிறவர் அவர்தான். ஆனால் எந்தக் கொல்லையிலும் சேர்ந்தாற்போல இரண்டு வருடம் வாரத்துக்குப் பயிர் வைத்ததாக அவரால் சொல்ல முடியாது, யார் சாட்சிக்கு வந்தாலும் எந்த வருடம் எது என்று குழம்பிப்போவார்கள். எருவடித்துப் பண்படுத்திய மண் ஒரு பக்கம், தாங்கள் ஒரு பக்கம் என்று பச்சையம்மாள் ஒருமுறை என் காதுபடச் சொன்னாள். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

வருடா வருடம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுத வருவார். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதுகிற பதிவேடு அது. யார் சாகுபடி என்று கேட்பார். ஏழுமலை பத்தடி தள்ளி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். "நாங்கதான் சார். ஏழுமலை ஒத்தாசைக்கு இருக்காரு" என்பேன். சுயசாகுபடி என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த நிலத்துக்குப் போய்விடுவார். ஒத்தாசை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வெங்காயம் உரித்துக் கொடுத்தால் அது ஒத்தாசை. மழையில் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வைத்தால் ஒத்தாசை. இரண்டு கொல்லையை வருடம் முழுக்க உழுது, விதைத்து, களையெடுத்து, பாதியைக் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்குவதற்கு அந்தச் சொல்லை நான் வைத்தேன். நான் தமிழ் ஆசிரியை. பொருள் தெரியாமல் வைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதை நான் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன். மறுத்தால் அடுத்த போகத்துக்கு நிலம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீயும் சில நாள் என்னோடு கொல்லைக்கு வருவாய். "ஏழுமலை, இங்க வா, நுங்கு வெட்டிக் குடு" என்று கூப்பிடுவாய். உனக்கு அப்போது ஒன்பது வயது, அவருக்கு உன் அப்பாவின் வயது. நம் தெருவில் சைக்கிள் கடைக்காரரை நீ ஒரு நாள் அப்படி வா, போ என்று பேசியதற்காகக் கன்னத்தில் அறைந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழுமலையைக் கூப்பிட்டபோது சிரித்தேன். யாரை எப்படிக் கூப்பிடலாம், யாரிடமிருந்து எதை எடுக்கலாம் என்பதை நீ அன்றைக்கே கற்றுக்கொண்டாய். உனக்கு நான் நடத்திய பாடங்களிலேயே உன் மண்டையில் ஒழுங்காக ஏறியது அது ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் நான் செய்தேன், அதை அப்போது புண்ணியம் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களை அனுப்பிய காலத்தில் எனக்குக் காலனி விழுந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. முதல் வாரம் வந்த கூட்டம் இரண்டாம் வாரம் இல்லை. ஏழுமலை மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தார். மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது, தன் பெயரில் இருக்கிற 'ழு' வரவில்லை. "இந்த எழுத்து மட்டும் இன்னா டீச்சர் பாம்பு மாதிரி சுத்திகினு போவுது" என்பார். ஒரு மாதம் அந்த ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டினார். படிக்க வரவில்லை. எழுத்துக் கூட்டிப் பஸ்ஸின் பலகையைப் படிப்பார், அதற்கு மேல் இல்லை. ஆனால் கையெழுத்து வந்துவிட்டது. ரேஷன் கடையில் மைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டதைப் பச்சையம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். நானும் என் பள்ளியில் சொல்லிக்கொண்டேன்.

இப்போது உன் படிப்புக்கு வருகிறேன். தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலர் வேலை கிடைத்த இரண்டாம் வருடம், மேலே போக ஒரு பட்டம் வேண்டும் என்றாய். வறுமை, நிலம், வேளாண் சீர்திருத்தம் ஆகியவற்றில் முதுகலை. வேலை பார்ப்பவர்களுக்கு என்றே வைத்திருக்கிறார்கள், சனி ஞாயிறுதான் வகுப்பு என்று சொன்னாய். வார நாளில் ஒரு வேலை, வார இறுதியில் வறுமை. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. நிலத்தைப் பற்றி என் மகன் படிக்கிறான் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வகுப்பு முழுவதையும் வேனில் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தாய். வங்கி மேலாளர் ஒருவர், இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர், கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை பார்க்கிற பெண், இன்னும் பத்துப் பேர். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ ஏழுமலையை "வாங்கண்ணா" என்று கூப்பிட்டாய். அவர் யாரைக் கூப்பிடுகிறாய் என்று திரும்பிப் பார்த்தார்.

வரப்பில் வரிசையாக நின்றுகொண்டு கேள்வி கேட்டார்கள். என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை வேளை, கடைசியாக எப்போது புதுத்துணி வாங்கினீர்கள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அந்தக் கம்பெனிப் பெண், உங்கள் வறுமைக்கு முக்கியமான காரணம் எது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஏழுமலை என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அதுக்குத்தானே தம்பி படிக்கிறாரு. படிச்சு முடிச்சுட்டு வந்து சொல்வாரு, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். ஒருவர் அதையும் குறித்துக்கொண்டார். வேன் கிளம்பிய பிறகு பச்சையம்மாள் என்னிடம் கேட்டாள். "ரெண்டு மணி நேரமா களைக்கு நடுவுலயே நின்னாங்களே டீச்சர், ஒருத்தராச்சும் குனிஞ்சு ஒரு களையப் புடுங்கினாங்களா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆய்வேட்டை நீல அட்டை போட்டுக் கட்டி எனக்கு ஒரு பிரதி கொடுத்தாய். நான் படிக்க மாட்டேன் என்று நினைத்துக் கொடுத்தாய். ஆங்கிலத்தில் இருந்தால் அம்மா அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று உனக்கு நம்பிக்கை. அகராதியை வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கொல்லையை மாற்றி மாற்றி விடுகிற என் வேலையைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாய். பதினாறு வருடத்தில் எந்த வருடம் எது வாரம், எது கூலி, என்ன பயிர் என்று அட்டவணை போட்டிருக்கிறாய். அதில் உழுதவரின் பெயர் இல்லை, பதிலாளர் எண் பதினான்கு என்று மட்டும் இருக்கிறது. வாய்மொழியாக நிலம் பெற்று உழுகிறவர்களுக்குப் படிப்பறிவு குறைவு, உரிமையாளர் குடும்பத்தின் மேல் நம்பிக்கை அதிகம், அந்த இரண்டினால்தான் அவர்கள் உரிமையை இழக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழ் நான் பென்சிலால் கோடு போட்டேன். சரியான வரி. நீ அதைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தவில்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டாய். நன்றி சொல்லும் பக்கத்தில் உன் பேராசிரியருக்கும் வேன் டிரைவருக்கும் நடுவில் "திரு. ஏழுமலை" என்று ஒரு பெயர் இருந்தது. அந்த 'திரு'வைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

ஆய்வேடு முடிவதற்கு முன்பே நிலத்தை விற்கலாம் என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். பௌர்ணமிக்குக் கூட்டம் வர ஆரம்பித்ததிலிருந்து கிரிவலப் பாதை ஓரத்து நிலமெல்லாம் லாட்ஜாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருந்தது. எனக்கும் ஆசை வந்தது. மாடியில் ஒரு வீடு கட்டலாம், பணி ஓய்வுக்குப் பிறகு வாடகைக்கு விடலாம் என்று நினைத்தேன். மேல் கொல்லையை வித்துக்கோ, கீழ்க் கொல்லையைக் கிணற்றோடு ஏழுமலைக்கு விட்டுவிடு, அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். சமையலறை வாசலில் நின்று சொன்னேன், நீ முறுக்கைத் தின்றுகொண்டே தலையாட்டினாய். ஏழுமலையிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் பச்சையம்மாள் ஒரு கூடை மல்லாட்டையை, அவர்கள் விளைத்த வேர்க்கடலையை, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நீ நீட்டிய அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று சொல்லிக்கொடுத்தவள், மகன்தானே என்று போட்டேன். அதில் இரண்டு கொல்லையையும் விற்க உனக்கு அதிகாரம் இருந்தது.

கீழ்க் கொல்லையில் மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் ஆட்கள் வந்து பயிருக்கு நடுவே மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டார்கள். ஏழுமலை தடுத்ததற்குப் புரோக்கர் ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினான். அதை எடுத்துக்கொண்டு ஏழுமலையும் பச்சையம்மாளும் மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தார்கள். நான் வாங்கிப் படித்தேன். "மேற்படி நிலங்களில் உரிமையாளருக்கு ஒத்தாசையாக மட்டுமே இருந்து வந்தேன். எனக்கோ என் வாரிசுகளுக்கோ சாகுபடி பாத்தியம் எதுவும் இல்லை." கீழே பெரிய 'ழு'வோடு அவருடைய கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து இரண்டு, அதில் ஒன்று உன்னோடு வேனில் வந்த வங்கி மேலாளருடையது. அவரும் வறுமையில்தான் பட்டம் வாங்கியிருக்கிறார். ஒத்தாசை என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் அதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடையோடு வரப்பில் நின்ற என் வாயிலிருந்து எடுத்தாய்.

பச்சையம்மாள்தான் பேசினாள். "எங்க ஊட்டுக்காரரு படிப்புக்குனுதான் போட்டாரு டீச்சர். கடைசியா வந்தப்ப அஞ்சு தாளு குடுத்தாரு உங்க புள்ள. போட்டோ எடுக்க ஒண்ணு, பேசினத ரெக்கார்டு பண்ண ஒண்ணுன்னு சொல்லிகினே திருப்பித் திருப்பி வெச்சாரு." ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தாள் வேறு மாதிரி இருந்ததா என்று கேட்டேன். "இருந்துது டீச்சர். முத்திரைத் தாளாச்சே தம்பினு கேட்டேன். பெரிய படிப்பு, கவர்ன்மென்ட்டுல குடுக்கணும், அதான்னாரு." படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை நீ உன் அடுத்த பட்டத்துக்கு எடுத்துக்கொள். "கைநாட்டு வெக்கிறவன் நாலு பேரைக் கேட்டுட்டு வெப்பான் டீச்சர். கையெழுத்து போடத் தெரிஞ்சவன், அதுல இன்னா எழுதியிருக்குனு எப்படிக் கேப்பான்? வெக்கமா இருந்துது."

அவருக்கு அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வெட்கத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இரண்டு வருடம் அவரைக் கேள்வி கேட்டாய்.

அன்றைக்கே உனக்கு ஃபோன் செய்தேன். அந்த ஒரு தடவை நின்று பேசினாய். என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினாய் என்று கேட்டேன். ஃபார்ம் எல்லாவற்றையும் மொத்தமாக வைத்தேன், அவராகத்தான் போட்டார், நான் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை என்றாய். வாங்குகிறவர்கள் நிலத்தில் ஆள் இல்லை என்று ஒரு காகிதம் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வர மாட்டேன் என்றார்கள், எல்லாரும் செய்வதுதான் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாய். "மா, ஆராய்ச்சி வேற, சொத்து வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத." நான் குழப்பவில்லை. இரண்டையும் ஒரே கட்டில் வைத்து ஒரே பேனாவைக் கொடுத்தவன் நீ. உன் படிப்புக்கு அவர் சம்மதம் கொடுத்த படிவத்திலும், உரிமை இல்லை என்று எழுதிய பத்திரத்திலும் ஒரே தேதி இருக்கும். படிவம் உன்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார்.

ஏழுமலை தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி தாசில்தாரிடம் மனு போட்டிருக்கிறார். மனுவை எழுதிக் கொடுத்தவள் நான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். விசாரணையில் நானே போய் நின்று, இவர்தான் பதினாறு வருடம் வாரத்துக்கு உழுதார், நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். தாசில்தார் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், போன வருஷம் வரைக்கும் நீங்களே சுயசாகுபடின்னு சொல்லியிருக்கீங்க. இப்ப வந்து இல்லைங்கிறீங்க. உங்களுக்கும் உங்க பையனுக்கும் தகராறுனு வாங்கினவங்க வக்கீல் சொல்றாரு. நான் எதை எடுத்துக்கிறது?" என்றார். அடங்கல் பதிவேடுகளை வரிசையாக மேசையில் வைத்திருந்தார்கள். பதினாறு வருடத்துப் பொய், அரசாங்க முத்திரையோடு. அதற்கு எதிரில் என் உண்மைக்கு ஒரு துண்டுச் சீட்டின் மதிப்புக்கூட இல்லை. வக்கீல் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். அட்டவணையைக் காட்டினேன். தாசில்தார் ஆர்வமாகத்தான் புரட்டினார். நன்றிப் பக்கத்தில் இருக்கிற பெயர் போதாது, இந்த அட்டவணையில் ஏழுமலை என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பதிலாளர் எண் பதினான்கு அவர்தான் என்றேன். அதற்கு ஆதாரம் கேட்டார். பதில் சொன்னவர்களின் அடையாளம் ரகசியமாகக் காக்கப்படும் என்று நீ முன்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒருவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டு அவருடைய பெயரை மட்டும் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறாய். உங்கள் வகுப்பில் இதை அறம் என்று ஒரு தனிப் பாடமாக நடத்தினார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் வருகிறது.

விசாரணை முடிகிறவரை கீழ்க் கொல்லையில் யாரும் இறங்கக்கூடாது என்று உத்தரவு. இறங்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார்கள். அப்புறம் தாசில்தார் ஆபீசும் கலெக்டர் ஆபீசும் மொத்தமாகத் தீபத்துக்குப் பந்தோபஸ்து வேலைக்குப் போய்விட்டன, உன் அப்பாவும் சேர்த்து. பிடுங்காமல் விட்ட மல்லாட்டை இந்த மழையில் மண்ணுக்குள்ளேயே முளைத்துக்கொண்டிருக்கிறது. ஏழுமலை தினமும் பாதையில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். இப்போது லாட்ஜ் கட்டுகிற இடத்தில் சிமெண்டு தூக்குகிறார். பச்சையம்மாள் பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கப் போகிறாள். உன் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அத்தியாயம் ஐந்து.

கடிதம் எழுதுகிற தாய் புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைவிட நீ சட்டம் படித்திருக்கிறாய், அவருக்கு என்ன உரிமை என்று என்னைவிட உனக்குத் தெளிவாகத் தெரியும். தெரியாமல் செய்தவனுக்குத்தான் புத்தி சொல்லலாம். நான் தெரிந்தே ஒரு பொய்யைப் பதினாறு வருடம் வரப்பில் நின்று சொன்னேன். நீ அதைப் படித்து, ஆராய்ந்து, அட்டவணை போட்டு, முத்திரைத் தாளில் ஏற்றினாய். நம் இரண்டு பேரில் நான் குறைவாகப் படித்தவள், அதனால் குறைவான சேதம் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். என் பங்கை நான் தாசில்தார் முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன், ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். மேல் கொல்லை விற்றதில் எனக்கு வர வேண்டியது எதுவும் வேண்டாம். மாடியில் வீடும் வேண்டாம்.

தீபம் கழிந்த இரண்டாவது வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அடுத்த விசாரணை. உன் பட்டமளிப்பு விழாவும் அதே நாளில்தான் என்று அழைப்பிதழைப் பார்த்தபோது தெரிந்தது. அங்கே உன் பெயரைக் கூப்பிடுவார்கள், நீ மேடைக்குப் போவாய், கறுப்பு அங்கியோடு படம் எடுப்பார்கள். பட்டத்தைத் தபாலில் வாங்கிக்கொள்ளலாம், நான் விசாரித்துவிட்டேன். இங்கே வா. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வா. ஐந்து தாளையும் எடுத்துக்கொண்டு வா. தாசில்தாரின் மேசைக்கு முன்னால் ஏழுமலையும் பச்சையம்மாளும் நிற்பார்கள், நானும் நிற்பேன். எங்களைப் பார்க்க வேண்டாம், வேண்டுமானால் சுவரைப் பார்த்துக்கொள். பதினான்காம் எண் யார் என்று வாயைத் திறந்து சொல்.